ஓய்வெடுத்தும் தீராத களைப்பு: பணிச்சோர்வின் காரணங்களைக் கண்டறிந்து களைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸின் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியையாக 21 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பணிச்சோர்வினால் நான்கு மாதங்கள் வகுப்பறைப் பக்கமே போக முடியாத நிலைக்கு ஆளானேன். மீண்டு வந்த பிறகு, சக ஆசிரியர்களும், கோயிலில் சந்திப்பவர்களும், இங்குள்ள எபேன் நகரில் கால் சென்டர் வேலைக்குப் போகும் உறவுக்காரப் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் கேட்டு வருவதால், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். மருத்துவர் தேவைப்படும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன். அவற்றைத் தயவுசெய்து தாண்டிப் படிக்க வேண்டாம்.

வேலை செய்தால் எல்லாருக்கும் களைப்பு வரத்தானே செய்யும்? பணிச்சோர்வு என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்?

களைப்பு வருவது இயல்பு. நாள் முழுதும் கரும்பு வெட்டியவரும், நாள் முழுதும் வகுப்பெடுத்தவரும் இரவில் களைத்துப் படுத்துக் காலையில் தெளிவாக எழுந்தால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தூங்கி எழுந்தும் தெளியாமல், ஞாயிற்றுக்கிழமை கழிந்தும் தெளியாமல், வேலையை நினைத்தாலே நெஞ்சு கனக்கும்படி மாதக்கணக்கில் நீடிப்பதைத்தான் பணிச்சோர்வு என்கிறோம். பர்ன் அவுட் என்ற சொல்லை இந்தப் பொருளில் நிலைநிறுத்தியவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தாமும் உழைத்துக்கொண்டு, தம்முடன் உழைத்த தொண்டர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒடுங்கிப் போனதைக் கண்டு 1974இல் அதைப்பற்றி எழுதினார். அவர் கண்டவர்கள் வேலைக்குச் சுணங்குபவர்கள் அல்லர், மிகுந்த ஈடுபாட்டோடு தாமாக முன்வந்தவர்கள் என்பதை என்னிடம் பேச வருவோருக்கு முதலில் சொல்லிவிடுவேன். ஏனென்றால் பெரும்பாலானோர் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்கள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று கூறுகள் உண்டு என்றார். உடலும் உள்ளமும் வற்றிப்போவது ஒன்று. வேலையிடமிருந்தும் அங்குள்ள மனிதர்களிடமிருந்தும் மனம் விலகி வெறுப்பது இரண்டாவது. எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது மூன்றாவது. நம் பேச்சிலேயே இம்மூன்றுக்கும் தனித்தனி வழக்கு இருக்கிறது. உடம்பு ‘அலுத்துப் போச்சு’ என்போம். மனம் ‘சலிச்சுப் போச்சு’ என்போம். கடைசியில் ‘இனி என்னால ஆகாது’ என்போம். முதலாவதை மட்டும் சொல்பவருக்கு ஓய்வு போதுமானதாக இருக்கலாம். மூன்றையும் ஒரே வாரத்தில் சொல்பவர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் சர்வதேச நோய் வகைப்பாட்டில் இது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்லாமல், தொழில் சார்ந்த ஒரு நிலைமையாகவே. சரிவரக் கையாளப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தினால் விளைவது என்பது அதன் வரையறை. அந்த வரையறை காரணத்தை ஆளின் குணத்தில் தேடாமல் பணியிட அழுத்தத்தில் தேடச் சொல்வதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு வந்திருப்பது இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாசல் வழியாக வருகிறது. சிலருக்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வயிற்றைப் பிசையத் தொடங்கும். சிலர் வீட்டுக்கு வந்தும் காரைவிட்டு இறங்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்குச் சிறு விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். வேறு சிலருக்கு எதற்குமே கோபம் வராது, அதுவும் நல்ல அறிகுறி அல்ல. நான் எப்படி உணர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி ‘மழை’ என்ற சொல்லை ஐந்து வரிகள் எழுதியிருந்தாள். வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் குழந்தை அவள். அதுவரை ‘மலை’ என்றே எழுதி வந்தவள், அன்றுதான் முதல்முறையாக ழகரத்தின் காலைக் கீழே இறக்கிச் சரியாக வளைத்திருந்தாள். அந்த ஓர் எழுத்துக்காக ஏழு மாதம் அவள் கையைப் பிடித்து எழுதவைத்தவள் நான். சிவப்புப் பேனாவின் முனையைத் தாளில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். மை ஊறிப் பட்டாணி அளவுக்குப் பரவியது. மகிழ்ச்சி வரவில்லை. எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று தோன்றியது. தூக்கமின்மை, தலைவலி எதற்கும் பயப்படாத நான் அந்த எண்ணத்துக்குப் பயந்தேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு தருணம் நேர்ந்திருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். நம் தீவில் ‘கி மான்யேர்?’ என்று யார் நலம் கேட்டாலும் ‘கொரேக்’ என்று வாய் தானாகப் பதில் சொல்லிவிடுகிறது. எனக்கு எல்லாம் நலம் என்று அந்த நான்கு மாதத்துக்கு முந்தைய ஓராண்டு முழுவதும் தினமும் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடம்பில் வேறு ஏதேனும் கோளாறாக இருக்குமோ?

இருக்கலாம், ஆகவே முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறு ஆகிய எல்லாமே தீராத களைப்பைத் தரும். முழு மரக்கறி உணவுக்காரர்களுக்குப் பி12 குறைய வாய்ப்பு அதிகம். மொரீஷியஸில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதால், கட்டுப்பாடற்ற சர்க்கரை தரும் சோர்வை வேலைச் சோர்வென்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிச்சயமாக இருப்பார்கள். அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் மருத்துவம் இலவசம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் ‘எனக்குப் பணிச்சோர்வு’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மனச்சோர்வும் பணிச்சோர்வும் ஒன்றா?

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடியவை என்றாலும் ஒன்றல்ல. பணிச்சோர்வில் வேலையைச் சுற்றியே வெறுமை இருக்கும். பேரக்குழந்தை வந்தாலோ கடலுக்குப் போனாலோ சற்றேனும் முகம் மலரும். மனச்சோர்வு வாழ்க்கை முழுவதையும் மூடும். பிடித்த சாப்பாடும் பிடித்த மனிதரும்கூட ருசிக்காமல் போவார்கள். கவனிக்காமல் விட்ட பணிச்சோர்வு மனச்சோர்வாக முற்றுவதும் உண்டு. வாழ்வதில் பொருளில்லை என்றோ உயிரை விட்டுவிடலாம் என்றோ எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அருகிலிருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், அவசர மருத்துவ உதவிக்கு 114 என்ற எண்ணை அழையுங்கள். அது வெட்கப்பட வேண்டிய எண்ணம் அல்ல. தனியாகச் சுமக்கக் கூடாத எண்ணம்.

இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்த சில நாளிலேயே பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதும் இதுதான். 1997இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றில், ஓர் அலுவலகத்து ஊழியர்களின் பணிச்சோர்வை விடுமுறைக்கு முன்னும், விடுமுறையிலும், பின்னும் அளந்து பார்த்தார்கள். விடுமுறையில் நன்றாகக் குறைந்த சோர்வு, வேலைக்குத் திரும்பிய மூன்று வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஓட்டை விழுந்த தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிரப்பினாலும் அது நிற்காது. விடுப்பு தண்ணீரை நிரப்புகிறது. ஓட்டை இருக்கும் இடத்தை நாம் தேடவில்லை என்றால் அது அப்படியேதான் இருக்கும்.

விடுப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வற்றிப்போன மூளையால் காரணத்தைத் தேட முடியாது; எனவே முதல் சில நாள் வெறுமனே தூங்குங்கள். அதன் பிறகு மிஞ்சும் நாள்களில் கொஞ்சத்தையாவது, ‘எது என்னை இப்படி ஆக்கியது?’ என்று கேட்டுப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள் என்கிறேன்.

அப்படியானால் அடிப்படைக் காரணங்கள் எவை? வேலை மிகுதிதானே?

வேலை மிகுதி ஒரு காரணம். நாம் உடனே கைநீட்டிக் காட்டும் காரணமும் அதுவே. அதன் கேடு மெய்யானது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. ஆனாலும் அறுபது மணி நேரம் உழைத்தும் நல்ல முகத்தோடு இருப்பவர்களையும், நாற்பது மணி நேரத்திலேயே உருக்குலைந்தவர்களையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். மாஸ்லாக்கும் அவருடன் ஆய்வு செய்த மைக்கேல் லைட்டரும் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லாமல் போகும் இடங்கள் ஆறு என்றார்கள்: வேலையின் அளவு, வேலையின்மேல் நமக்கிருக்கும் பிடி, கிடைக்கும் பலன், உடன் வேலை செய்வோரின் உறவு, நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள்.

இவற்றில் பிடி இல்லாமைதான் நம் தீவில் பலரைத் தின்கிறது என்பது என் எண்ணம். ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே, வேலையின் நெருக்கடி அதிகமாகவும் அதை எப்படிச் செய்வதென்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைகள்தாம் மனிதரை அதிகமாக நோகச் செய்கின்றன என்று காட்டினார். கால் சென்டர் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் தொலைபேசியில் பேசுவது பெரும்பாலும் பிரான்ஸிலுள்ள வாடிக்கையாளர்களோடு. பிரான்ஸின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு அங்குள்ள கோடையில் 2 மணியும் குளிர்காலத்தில் 3 மணியும் பிந்தியிருக்கிறது. ஆக அங்கே கடிகாரத்தை மாற்றினால் இங்கே இவர்கள் சாப்பிடும் நேரமும் உறங்கும் நேரமும் மாறிவிடுகின்றன. பேச வேண்டிய சொற்கள் எழுதிக் கொடுக்கப்பட்டவை. கழிவறைக்குப் போகும் நிமிடங்கள்கூடத் திரையில் பதிவாகின்றன. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் அது பெரிய வேலையாகத் தெரியாது.

பலன் என்றதும் சம்பளம் நினைவுக்கு வரும். சம்பளம் முக்கியம்தான், ஆனால் ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் முன்வைத்த கருத்தின்படி மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும், முன்னேறும் வாய்ப்பும்கூடப் பலனில் சேர்ந்தவை. போடும் உழைப்புக்கும் திரும்பி வருவதற்கும் இடையிலுள்ள பள்ளம் ஆளை உள்ளுக்குள் அரிக்கிறது. பத்து ஆண்டு உழைத்த இடத்தில் இன்னும் பெயரைத் தப்பாக எழுதுகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் அழுதபோது அது சிறிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

உறவும் நியாயமும் விளங்கக்கூடியவைதாம்: பேச ஆளில்லாத பணியிடமும், ஒருவருக்கு ஒரு விதி மற்றவருக்கு வேறு விதி என்று நடக்கும் பணியிடமும் வேலையின் எடையை இரட்டிப்பாக்கும். விழுமியம் என்பது, நாம் தப்பென்று நினைப்பதைச் செய்ய வேண்டியிருப்பது, அல்லது சரியென்று நினைப்பதைச் செய்ய முடியாமல் போவது. செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கவனித்துக்கொள்ள வந்தவர் படிவம் நிரப்பிக்கொண்டே நாளை முடிக்கிறார்.

என்னுடைய காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சிறு நோட்டும் இரண்டு வாரமும் போதும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: இன்று என்னை அதிகம் வற்றவைத்தது எது, அது எந்த நேரத்தில் நடந்தது, இன்று ஏதேனும் எனக்குத் தெம்பு தந்ததா. ஒரு நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ‘எல்லாமே’ என்று எழுதக் கூடாது என்பது மட்டும் விதி. ‘எல்லாமே’ என்பது களைத்த மனம் சொல்லும் பதில், அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவில் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு இத்தனை அறை என்ற கணக்குத்தான் தன்னைக் கொல்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தார். பதினான்கு நாள் எழுதியதைச் சேர்ந்து படித்தபோது அறைகளைப் பற்றிய வரி மூன்றே மூன்று இருந்தது. ஒன்பது நாளில், மறுநாள் ஷிஃப்ட் என்ன என்பதை முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பதைப் பற்றி எழுதியிருந்தார். இரவு ஒன்பது மணிவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்று தெரியாமல் காத்திருந்ததுதான் அவரை வற்றவைத்திருந்தது. அவரும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் போய், அறைகளைக் குறையுங்கள் என்று கேட்காமல், ஷிஃப்ட் பட்டியலை ஐந்து நாள் முன்னதாகத் தாருங்கள் என்று கேட்டார்கள். கிடைத்தது. அறைகளின் எண்ணிக்கை இன்றும் அதேதான். அந்தப் பெண் இப்போது தூங்குகிறார்.

என் நோட்டிலும் நான் எதிர்பார்க்காததுதான் இருந்தது. வகுப்புகளின் எண்ணிக்கை என்னை வருத்தவில்லை. தமிழ் விருப்பப் பாடம் என்பதால் ஆண்டுதோறும் பெற்றோரிடம் போய்ப் பிள்ளைகளைத் தாருங்கள் என்று நான் கேட்டு நிற்க வேண்டியிருந்ததும், எனக்கென்று ஓர் அறை இல்லாமல் படங்களையும் அட்டைகளையும் பையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பாடவேளையிலும் காலி இடம் தேடியதும், தமிழ் அழிந்துவிட்டால் அது என் குற்றம் என்று நானே சுமந்துகொண்டதும்தான் திரும்பத் திரும்ப வந்தன.

அப்படியானால் காரணம் நமக்குள்ளேயும் இருக்குமா?

இருக்கும். எதையும் பிறரிடம் ஒப்படைக்க மனம் வராதவர், மறுத்துச் சொல்ல வாய் வராதவர், தன் மதிப்பு முழுவதையும் வேலையில் வைத்திருப்பவர் ஆகியோர் விரைவில் வற்றிப்போகிறார்கள். தமிழைத் தனி ஆளாகக் காப்பாற்றிவிட முடியும் என்று நான் நினைத்ததும் இந்த வகையில்தான் சேரும். அது பற்று என்று நம்பியிருந்தேன், அதில் பயமும் கலந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சில பணியிடங்களில் ‘நீங்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லி ஒரு நாள் யோகா வகுப்பு நடத்திவிட்டு, ஆள் பற்றாக்குறையை அப்படியே வைத்திருப்பார்கள். நோட்டில் வெளிக்காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை உங்கள் குணத்தின்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோயிலுக்குப் போவதும் தியானமும் உதவாதா?

உதவும். மனம் வேலையை விட்டு முற்றாக விலகியிருக்கும் நேரம்தான் உண்மையான ஓய்வு என்பதை ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சோனென்டாக் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பூசையிலும் பாட்டிலும் தோட்ட வேலையிலும் அந்த விலகல் கிடைக்கிறது. ஆனால் கோயிலில் நீங்கள் கும்பிட வந்தவரா, பொறுப்பெடுத்து வேலை செய்ய வந்தவரா என்று பாருங்கள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்துகொண்டே அன்னதானப் பொறுப்பையும் கணக்கையும் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சியையும் ஏற்றிருப்பவருக்குக் கோயில் இரண்டாவது வேலை. உடல் நலிந்திருக்கும் ஆண்டில் கடுமையான விரதம் வேண்டாம் என்றே சொல்வேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது.

‘எங்கள் காலத்தில் நாங்கள் உழைக்கவில்லையா’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எங்கள் பாட்டியும் அப்படித்தான் கேட்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1834 முதல் இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்களில் ‘டபுள் கட்’ என்று ஒரு முறை இருந்தது: அனுமதியில்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். படுத்தால் பட்டினி என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட குடும்பங்களில், ‘எனக்கு முடியவில்லை’ என்ற சொல் எளிதாக வாயில் வராது; வந்தாலும் அது சோம்பலாகவே காதில் விழும். அந்தச் சட்டம் போய் நெடுங்காலம் ஆகியும், அது போட்ட பயம் இன்னும் நம் வீடுகளில் குடியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களோடு வாதம் செய்வதைவிட, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டியிடம் கேட்டேன். வயலில் பெண்கள் சேர்ந்து பாடியதையும், ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவர்கள் அவளுடைய வரிசையையும் சேர்த்துக் களையெடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். அப்போது அவர்களுக்கு இருந்த அந்தத் துணை எனக்கு இல்லை என்று நான் சொன்னபோது, அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வேலையைவிட வீடுதான் என்னைச் சோர்வடையச் செய்கிறது. அது பணிச்சோர்வில் சேராதா?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தொழிலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால் உடம்பு அந்தக் கோட்டை அறியாது. படுக்கையில் இருக்கும் மாமனாரைக் கவனித்து, பிள்ளைகளை ஒரு டியூஷனிலிருந்து இன்னொரு டியூஷனுக்கு அழைத்துப் போய், இரவு பத்து மணிக்குச் சமையலறையைத் துடைக்கும் பெண்ணுக்கும் மேற்சொன்ன ஆறு காரணங்களில் நான்கு அப்படியே பொருந்தும்: அளவு மிகுதி, முடிவெடுக்கும் உரிமை குறைவு, பாராட்டு இல்லை, பங்கீடு நியாயமில்லை. அதே நோட்டு முறையைச் செய்யுங்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே பேச வேண்டிய மேலதிகாரி பெரும்பாலும் கணவர், சில சமயம் அண்ணன் தம்பிகள். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. ‘செவ்வாயும் வியாழனும் அப்பாவைக் குளிப்பாட்டுவது உங்கள் பொறுப்பு’ என்று நாளும் வேலையும் சொல்லி ஒப்படையுங்கள். ஒப்படைத்த பிறகு பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள்.

மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது? பலவீனமானவர் என்று எண்ணமாட்டாரா?

சிலர் எண்ணுவார்கள். ஆகவே ‘எனக்குப் பணிச்சோர்வு’ என்று தொடங்காமல், வேலையிலிருந்து தொடங்குவது நல்லது. நோட்டிலிருந்து ஒரே ஒரு காரணத்தை எடுங்கள். அதனால் வேலைக்கு என்ன கெடுகிறது என்று ஒரு வாக்கியம், நீங்கள் கேட்கும் மாற்றம் என்ன என்று ஒரு வாக்கியம், எத்தனை வாரம் செய்து பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம். ‘மாத இறுதிக் கணக்கும் தொலைபேசியும் ஒரே நேரத்தில் என் பொறுப்பில் இருப்பதால் கணக்கில் தவறு நேர்கிறது, மாதத்தின் கடைசி மூன்று நாள் தொலைபேசியை வேறொருவர் பார்க்கட்டும், இரண்டு மாதம் செய்து பார்ப்போம்’ என்பதுபோல. கோபம் வந்த நாளில் போகாதீர்கள். பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வையுங்கள். என் தலைமையாசிரியரிடம் இரண்டு கோரிக்கைகளோடு போனேன். அறை கிடைத்தது, மற்றொன்று கிடைக்கவில்லை. அறையே பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது.

சட்டத்தில் ஏதேனும் பாதுகாப்பு உண்டா?

2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி சாதாரண வேலை வாரம் 45 மணி நேரம். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 20 நாளுக்குக் குறையாத ஆண்டு விடுப்பும் 15 நாள் நோய் விடுப்பும் உண்டு. சம்பளம் ஒரு வரம்புக்கு மேல் போனால் சில பிரிவுகள் பொருந்தா. அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள். பணியிடத்தில் அவமதிப்போ மிரட்டலோ நடந்தால் அது சோர்வைப் பற்றிய கேள்வியாக இராமல் முறைப்பாட்டுக்குரிய விஷயமாகிவிடுகிறது. தொழிலாளர் அலுவலகத்துக்கோ உங்கள் தொழிற்சங்கத்துக்கோ போங்கள். நோய் விடுப்பு உங்கள் உரிமை. அதை எடுக்கும்போது மன்னிப்புக் கேட்கும் குரல் தேவையில்லை.

வேலையையே விட்டுவிடலாமா?

மிகவும் களைத்திருக்கும்போது இந்த முடிவை எடுக்காதீர்கள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது. காரணம் அளவோ ஷிஃப்டோ அறையோ என்றால் மாற்றக் கேட்டுப் பார்க்கலாம். நியாயமும் விழுமியமும் காரணமாக இருந்து, பேசியும் ஆறு மாதம் பார்த்தும் அசையவில்லை என்றால் விலகுவதில் குற்றமில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விலகுபவர், அடுத்த இடத்திலும் அதையே சந்திக்க நேரும். மூன்று கால் சென்டர் மாறியும் அதே நிலையில் இருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு விதமானது என்பதையும் அறிவேன். அவர்களுக்கு உள்ளிருந்தே சிறிது சிறிதாக மாற்றுவதுதான் பெரும்பாலும் வழி.

குணமாக எவ்வளவு காலம் ஆகும்?

சிலருக்கு வாரங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். எனக்குத் தூக்கம் திரும்ப ஆறு வாரம் ஆனது. ஒரு பக்கத்தைத் தொடர்ந்து படிக்க மூன்று மாதம் ஆனது. கோயிலின் மாலை வகுப்பை இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைத்தேன்; அவர்கள் என்னைவிட வேறு விதமாக நடத்துகிறார்கள், பிள்ளைகள் போகிறார்கள். வேலைக்குத் திரும்புகையில் முதல் இரண்டு வாரம் குறைந்த பொறுப்போடு தொடங்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் ஒரு மோசமான வாரம் வரும். பழையபடி ஆகிவிட்டதென்று பதற வேண்டாம், நோட்டை எடுத்து அந்த வாரம் எது திரும்பி வந்தது என்று பாருங்கள்.

என் நண்பர் இந்த நிலையில் இருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

‘எதற்கும் கவலைப்படாதே’, ‘எனக்கும்தான் வேலை இருக்கிறது’ ஆகிய இரண்டையும் சொல்லாதீர்கள். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்பதும் அவருக்குக் கூடுதல் வேலைதான், ஏனென்றால் என்ன வேண்டுமென்று யோசிக்கும் தெம்பு அவரிடம் இல்லை. சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையை ஒரு வாரம் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் போகும்போது துணைக்குப் போங்கள். என் அண்ணி மூன்று முறையும் என்னோடு வந்தார். கேட்க வேண்டியவற்றையெல்லாம் முந்தின இரவே என்னிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மருத்துவர் முன் எனக்குப் பதிலாக அவரே ஒவ்வொன்றாகப் படித்தார். அப்போது என்னால் இரண்டு வாக்கியம் கோவையாகப் பேச முடியவில்லை.